வேதகிரி வீட்டு மீன்தொட்டி ஸ்டாண்டு

கொளத்தூரில் எங்கள் தெருவில் வேதகிரி அண்ணன் வீட்டு மீன்தொட்டி ஸ்டாண்டு மூச்சு விட ஆரம்பித்தது ஒரு வைகாசி மாத வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. கத்திரி வெயில் முடிய இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது, கரண்ட் போயிருந்தது, நான் அந்த வீட்டு ஹாலில் மண்டி போட்டு உட்கார்ந்து ஸ்டாண்டின் கதவுக்குக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் மாசிலாமணி. மீன்தொட்டிக்கு அடியில் வைக்கிற பலகை ஸ்டாண்டும் மேலே கவிழ்க்கிற மூடியும் செய்வதுதான் இருபத்தெட்டு வருஷமாக என் பிழைப்பு. இந்த வேலையில் தெரிந்துகொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதை நான் சொல்லாத ஆளில்லை, கேட்ட ஆளுமில்லை. மூடிக்குள் விளக்கின் சூடு சேரும், தண்ணீரிலிருந்து ஆவி சேரும். கீழே ஸ்டாண்டுக்குள் மோட்டார் சூடும் குழாய்க் கசிவும் சேரும். ஆகவே கீழே முன்பக்கம் நாலு ஓட்டை, மேலே பின்பக்கம் நாலு ஓட்டை, குளிர்ந்த காற்று கீழே நுழைய வேண்டும், சுட்ட காற்று மேலே வெளியேற வேண்டும், அவ்வளவுதான். ஓட்டை போட்டுக் கொடுத்தால் அழகு கெட்டுவிட்டது என்பார்கள், பல்லி போகும் என்பார்கள், பின்னால் நீலக் கடல் படத்தை ஒட்டி அடைப்பார்கள், உள்ளே பழைய பேப்பரையும் கல்யாணத்தில் வந்த எவர்சில்வர் குடத்தையும் திணிப்பார்கள், ரெண்டு மழைக்காலத்தில் பலகை ஊதிப் பிளந்ததும் மாசிலாமணி வேலை சுத்தமில்லை என்று தெருவெல்லாம் சொல்வார்கள். என்னத்தைச் சொல்ல, அலுத்துப்போய்விட்டது.

அந்த அலுப்பில்தான் அன்றைக்குத் தப்பு நடந்தது. அதே வாரம் பெரம்பூரில் ஒரு வீட்டுக்குப் பூஜை அலமாரி செய்துகொண்டிருந்தேன். அலமாரிக் கதவும் ஸ்டாண்டுக் கதவும் ஒரே அளவு. பூஜைக் கதவில் சாம்பிராணிப் புகை போகிறதற்குப் பூவேலை ஓட்டைகளும், ஓட்டைக்கு ஒன்றாகச் சின்னப் பித்தளை மணியும் இருக்கும். வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்ததில் இரண்டையும் மாற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசி ஸ்க்ரூவை முடுக்கிய பிறகு மணிகள் எல்லாம் ஒரு தரம் ஆடின. கதவு ஒரு மயிரிழை உள்ளே போய் வெளியே வந்தது. மறுபடி ஆடின. கீழே கையை வைத்தேன், காற்று உள்ளே போனது. பின்னால் மேல் ஓட்டையில் கையை வைத்தேன், சூடாக, ஈரமாக வெளியே வந்தது. காற்றுப் போக்கு சரியாகத்தான் இருக்கிறது, கதவுதான் மாறிவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் வீட்டில் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன். வேதகிரி அண்ணனின் இழுப்புச் சத்தம். முப்பது வருஷம் வண்டிப் பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர், அடித்ததில் பாதி அவர் நெஞ்சுக்குள் போய்விட்டது. ஆறு வருஷமாகக் கட்டிலில் முழங்காலில் கையூன்றி உட்கார்ந்து, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல் இழுப்பார். மீனைப் பார்த்தால் மனசு அமைதியாகி இழுப்பு குறையும் என்று யாரோ சொல்லி அவர் சம்சாரம் அம்சவேணி அக்கா இந்தத் தொட்டிக்கு ஏற்பாடு செய்திருந்தாள். ஆள் போய்விட்டாரோ என்று திரும்பினேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு, தோள் இறங்கி உட்கார்ந்திருந்தார். நெஞ்சு அசையவில்லை. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்துச் சிரித்தது. ஏதோ கேட்க வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை, ஏனென்றால் எனக்கும் மூச்சு ஓடவில்லை. எனக்கு வலியும் இல்லை, தவிப்பும் இல்லை, பிறந்ததிலிருந்து நிற்காத ஒரு வேலை நின்றுபோனதன் நிம்மதி மட்டும் இருந்தது. அண்ணன் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பென்சிலால் எழுதி என்னிடம் நீட்டினார். 'வலிக்கலை மணி' என்று எழுதியிருந்தார்.

நான் எழுந்து வாசல் பக்கம் போனேன். நாலடி தாண்டியதும் என் மூச்சு திரும்பி வந்தது, முதல் மூச்சு நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது. வாசற்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"கதவு மாறிடுச்சு அக்கா. பெரம்பூர் வீட்டுக் கதவு அது. கழட்டி எடுத்துக்கறேன்."

"அந்தக் கதவ தொடாதீங்க தம்பி. அவங்களுக்கு வேற செஞ்சு குடுங்க."

பெரம்பூர்க்காரர்கள் தங்களிடம் போன சாதாரணக் கதவைத் திருப்பி அனுப்பினார்கள், அதை அண்ணன் வீட்டுக் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன், அவர்களுக்குப் புதிதாக மணிக் கதவு செய்து மாட்டினேன், அது சும்மா பூஜை அலமாரியாகவே இருந்தது.

ஒரு வாரம் வரைக்கும் விஷயம் அந்த வீட்டோடு இருந்தது. பிறகு ஊசி போட வந்த நர்ஸ் ஜெசிந்தா அண்ணன் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்து அழுதாள். ரெண்டு ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவள், ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் உக்காந்தேன் என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் அவளுடைய அக்கா வந்தாள், அதற்கடுத்த நாள் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்தார், பிறகு தையல் கம்பெனிக்குப் போகிற பெண்கள் காலை பஸ்ஸுக்கு முன்னால் ஆறு பேர் ஆறு பேராக வந்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள், தெரு முனையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறவர்கள் வந்தார்கள். யாரும் அதிசயம் பார்க்க வரவில்லை. அலுத்துப்போய் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், தங்கள் மூச்சை ஸ்டாண்டிடம் விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இருந்தார்கள்.

தெரு நலச் சங்கத்துச் செயலாளர் தணிகாசலம், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு கோடு போட்ட நோட்டில் யாருக்கு எத்தனை மணி என்று எழுதி வைத்தார், சாமியானாக் கடையிலிருந்து ஆறு நாற்காலி வரவழைத்து நாலடிக்குள் போடவைத்தார், காலையில் வேலைக்குப் போகிறவர்கள், மத்தியானம் வண்டி ஓட்டுகிறவர்கள், சாயங்காலம் வீட்டுப் பெண்கள் என்று வரிசை வகுத்தார். அவர் மட்டும் ஒரு நாளும் உட்காரவில்லை, எனக்கென்ன களைப்பு என்றார். அந்த நாலடிக்குள் யாராலும் பேச முடியாது, பேச மூச்சு வேண்டுமே. அதனால் பதினேழு வருஷமாகப் பேசாத ஓரகத்திகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டை வாசலோடு நின்றது, பெருமூச்சு விட வழியில்லாததால் யாரும் தங்கள் கஷ்டத்தை நினைத்துக்கொள்ளவும் இல்லை. மணிகள் மட்டும் நிதானமாக ஆடின. ஐந்து தங்க மீன்கள் மேலே சுற்றின.

தையல் கம்பெனிப் பெண்களோடு என் மனைவி கஸ்தூரியும் போனாள். என்னடி அங்கே உனக்கு என்று கேட்டேன்.

"பத்து நிமிஷம் எங்கிட்ட யாரும் எதையும் கேக்கலைங்க" என்றாள்.



ஆடி மாதம் அண்ணன் நாலடிக்கு வெளியே வர முடியாமல் போனது. முதலில் குளிக்க, சாப்பிட எழுந்து வருவார். வரவர வெளியே வந்தால் மூச்சு தொடங்குவதே இல்லை, உதடு நீலமாகிவிடும், அக்கா அவரை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவாள். வேலை வாங்காத நெஞ்சு வேலையை மறந்துவிட்டது. அக்கா கட்டிலைத் தொட்டிக்கு முன்னால் நகர்த்திப் போட்டாள், சாப்பாடு, துடைப்பது, கால் பிடித்துவிடுவது எல்லாம் அங்கேயே ஆயிற்று. அண்ணனுக்கு வலி இல்லை. காலண்டர் தாளில் 'ரசம் காரம்' என்றும் 'மீனுக்குத் தீனி போட்டாச்சா' என்றும் எழுதிக் காட்டுவார். அந்த ஸ்டாண்டு நின்றால் அண்ணன் நின்றுபோவார் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தெரிந்தும் போனோம். புரட்டாசியில் ஸ்டாண்டைத் தடவிப் பார்த்தேன், அடிப்பலகை ஊறி மெத்தென்று இருந்தது. அவ்வளவு பேரின் மூச்சு ஈரமும் அந்தப் பெட்டிக்குள்தானே போய் வந்தது, எட்டு ஓட்டை ஒரு மோட்டாருக்குப் போதும், ஒரு தெருவுக்குப் போதாது. தணிகாசலத்தைக் கூப்பிட்டு வாசலில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன்.

"பலகை ஊதுது. நீங்க வராம இருந்தா இது இன்னும் பத்து வருஷம் நிக்கும், அண்ணன் இருப்பாரு. வந்தீங்கன்னா தீபாவளி தாண்டாது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நல்ல ஜனங்கள். ஒன்பது நாள் ஒருத்தரும் வரவில்லை. பத்தாம் நாள் ஜெசிந்தா வாசலில் வந்து நின்று ரெண்டே நிமிஷம் அக்கா என்றாள், அக்கா வழி விட்டாள். பதினைந்தாம் நாள் நாற்காலி ஆறும் நிறைந்தன. அவர்களைத் திட்டுவதற்குப் போனேன், ஒரு நாற்காலி காலியாக இருந்தது, வரிசையாக நாலு வீட்டில் ஓட்டையை அடைத்துவிட்டு என்னைக் குறை சொன்ன நாள் அது, உட்கார்ந்துவிட்டேன். பலகையின் கனம் எத்தனை என்று தெரிந்த நானே உட்கார்ந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

"ஏன் அக்கா இவங்கள விடறீங்க?" என்று அக்காவிடமே கேட்டேன்.

"எப்படித் தம்பி வேணாம்னு சொல்றது? மூஞ்சியப் பாத்தா தெரியுதே."

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் தொட்டியின் தண்ணீர் மட்டம் கண்ணாடியில் சாய்வாகத் தெரிந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், இடது கால் அரை அங்குலம் இறங்கியிருந்தது. இருநூறு லிட்டர் தண்ணீரும் கண்ணாடியும் அண்ணன் கால்மேல் விழ இன்னும் ஒரு நாளோ ரெண்டு நாளோ. அடிப்பலகையை மாற்றியே ஆக வேண்டும், மாற்ற ஒரு மணி நேரமாவது கதவைக் கழற்றியாக வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அண்ணன் என்ன செய்வார்? தெருவே வாசலில் நின்றது.

"நீங்க கழட்டுங்க தம்பி" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரை இறக்கி, நாலு பேர் தொட்டியைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். கதவைக் கழற்றினேன். மணிகள் நின்றன. எங்களுக்கெல்லாம் மூச்சு திரும்பியது, அண்ணனுக்குத் திரும்பவில்லை, கண் விரிந்து கூரையைப் பார்த்தார். அக்கா ஒரு மூச்சு இழுத்து விட்டாள், அது அவளுக்கு. இன்னொன்று இழுத்தாள், அண்ணனின் நெஞ்சு மேலே எழும்பி இறங்கியது. ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு. அவர் இழுப்பால் தவித்த ஆறு வருஷமும் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் இழுக்கும்போதெல்லாம் தன்னை அறியாமல் தானும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தவள் அவள், அவள் உடம்புக்கு அது தெரிந்த வேலையாக இருந்தது. இருபது நிமிஷத்தில் அவள் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஜெசிந்தா பாய்ந்து மறு கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள், வந்தது. பிறகு ஆட்டோக்காரர், பிறகு கஸ்தூரி, பிறகு பேசாத ஓரகத்திகள். அந்த நாலடிக்குள் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் வந்தது. தணிகாசலமும் கையைப் பிடித்து முகம் சிவக்க இழுத்துப் பார்த்தார், வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டு எல்லோருக்கும் டீ வாங்கப் போனார்.

நான் வேலையைப் பார்த்தேன். தண்ணீர் தாங்குகிற நல்ல பலகை, விளிம்பெல்லாம் அடைத்து, கால் நாலும் மட்டம் பார்த்து, ஓட்டைகளை அளவெடுத்துப் பெரிதாக்கி, அப்படி ஒரு ஸ்டாண்டை நான் அதற்கு முன் செய்ததில்லை. மணிக் கதவு ஈரத்தில் ஊதியிருந்தது, சட்டத்தில் ஏறவில்லை. இழைத்திருந்தால் ஏறியிருக்கும். அவசரத்தில் என் கை கட்டிலுக்குப் பின்னாலிருந்த சரியான கதவை எடுத்து மாட்டிவிட்டது. யோசித்துச் செய்யவில்லை, இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம். மாட்டினேன், ஸ்க்ரூ முடுக்கினேன், காற்று கீழே நுழைந்து மேலே போனது, மூச்சு மட்டும் இல்லை. அன்றைக்கே அந்தக் கதவைக் கழற்றிவிட்டு மணிக் கதவை இழைத்து மாட்டிப் பார்த்தேன், மறுநாள் பழைய ஊறின பலகையைக்கூடத் திருப்பி வைத்துப் பார்த்தேன், பூஜை அலமாரிக் கதவோடு இன்னும் நாலு ஸ்டாண்டு செய்து பார்த்தேன். எதுவும் மூச்சு விடவில்லை. கடைசியில் புதுப் பலகையையும் சரியான கதவையுமே மாட்டி வைத்தேன்.

நான்தான் கெடுத்துட்டேன் அக்கா என்று வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

"ஆனது ஆயிடுச்சு தம்பி" என்றாள் அக்கா. "இப்ப யாரு முறை?"

தணிகாசலம் அதே நோட்டைப் பிரித்து அதே பேர்களை எழுதினார், இந்தத் தடவை ஆளுக்கு ரெண்டு மணி நேரம். இப்போது மாசி மாதம். நாலு மாதமாக எங்கள் தெரு அண்ணனுக்குச் சேர்த்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ரெண்டு பேருக்கு மூச்சு விடுவது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம், முறை முடிந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார்கள். தெருவில் யாரும் நீளமாகப் பேசுவதில்லை, மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்துவிடுகிறார்கள், தையல் கம்பெனிப் பெண்கள் பஸ்ஸில் நின்றபடியே தூங்குகிறார்கள். ஓய்வு தேடிப் போனவர்களுக்கு இருந்த அலுப்பு இரட்டிப்பாயிற்று. ஒரு குடும்பம் அம்பத்தூருக்கு வீடு மாறிப் போய்விட்டது, அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. மீன்கள் நன்றாக இருக்கின்றன.

போன மாதம் கஸ்தூரியின் சாப்பாட்டுப் பையில் ஒரு காலண்டர் தாள் கிடைத்தது. அண்ணன் கையெழுத்து. 'கஸ்தூரி, போதும்மா. விட்டுடு.'

"எப்ப குடுத்தாரு?"

"கார்த்திகையில. என் முறையில வேணாம் அண்ணேன்னு சொல்லிட்டேன்."

ஜெசிந்தாவிடம் ஒன்று இருக்கிறது, ஆட்டோக்காரரிடம் ஒன்று, ஓரகத்திகளிடம் ஆளுக்கொன்று. ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்லவில்லை, அக்காவிடம் யாருமே சொல்லவில்லை. அக்காவிடம் அவர் கேட்கவும் இல்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, என் முறை ரெண்டிலிருந்து நாலு. வளர்ப்பு மீன் வாங்க வந்த கூட்டத்தின் ஹாரன் சத்தம் மெயின் ரோட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, முழங்கையை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. அண்ணனும் அவளைப் பார்த்தார், பிறகு தாளைக் கிழித்து எழுதி என் மடியில் வைத்தார். 'மணி, நீ விட்டுடு. அவ தூங்கறப்பவே.'

படித்தேன். மறுபடி படித்தேன். அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. அவருடைய நெஞ்சு அவருடையதாக இல்லை, பேச்சு இல்லை, நாலடி உலகத்தில் படுத்துக்கொண்டு ஒரு தெருவே தள்ளாடுவதைத் தினமும் பார்க்கிறார். எனக்கும் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது, பொய் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்தேன். கண்ணால் ஆமாம் என்றார்.

எனக்கு ஒரு மூச்சு இழுத்து விட்டேன். அவருக்கு இழுக்கவில்லை. எனக்கு இன்னொன்று. அவருக்கு இழுக்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார், அவர் முகம் அந்த வியாழக்கிழமைபோல இறங்கி அமைதியாயிற்று. கையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன், விடவில்லை, பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கீழே அக்கா தூக்கத்தில் ஒரு மூச்சு இழுத்து விட்டாள். விட்ட கையோடு, புருவத்தைச் சுளித்து, இன்னொன்று இழுத்தாள். அண்ணனின் நெஞ்சு எழும்பி இறங்கியது. அவள் அவர் கையைத் தொடவில்லை, விழிக்கவுமில்லை. குறட்டைதான் விட்டாள், ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு.

அண்ணன் கண்ணைத் திறந்து தலையைத் திருப்பினார். அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் மடியிலிருந்த தாளை எடுத்து, பின்பக்கம் திருப்பி எழுதினார்.

'தூக்கத்துலயும் வேலை செய்யறா பாரு. நீ இழு மணி. அவ தூங்கட்டும்.'

இழுத்தேன். அக்காவின் மூச்சு ஒன்றாகக் குறைந்தது, புருவம் இறங்கியது, சுவர்ப் பக்கமாகப் புரண்டு படுத்தாள்.